எடை தெரியும், ஆனாலும் பள்ளமாகிறது சாலை!
கொச்சி துறைமுகச் சாலைகளில் அச்சுச் சுமை எழுப்பும் கேள்வி

புது தில்லி: சரக்குக் கப்பலில் ஏற்றப்படும் ஒவ்வொரு ஏற்றுமதிக் கன்டெய்னரின் எடையும் முன்கூட்டியே சான்றளிக்கப்பட வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் உலகெங்கும் நடைமுறையில் உள்ள விதி. எடை தெரியாத பெட்டி கப்பலில் ஏறாது. ஆனால், அதே பெட்டியைத் துறைமுகத்துக்குச் சுமந்து வரும் லாரியின் ஒவ்வோர் அச்சும் சாலையின் மீது எத்தனை டன் எடையை இறக்குகிறது என்பதைப் பல இடங்களில் எவரும் கவனிப்பதில்லை.

அந்த எடையைத் தவறாமல் பதிவு செய்வது சாலை மட்டுமே. சக்கரங்கள் ஓடும் இரு தடங்களிலும் தார்ப் பரப்பு மெல்ல மெல்ல உள்வாங்கி, நீளவாக்கில் வாய்க்கால் போன்ற பள்ளமாகிறது. சாலைப் பொறியியலில் இது தடப் பள்ளம் எனப்படுகிறது. மழைக் காலத்தில் இந்தப் பள்ளத்தில் நீர் தேங்குகிறது. அதில் சிக்கும் இரு சக்கர வாகனம் நிலை தடுமாறுகிறது. வேகமாக வரும் காரின் டயர் சாலையைத் தொடாமல் நீரின் மீது வழுக்கிச் செல்லும் ஆபத்தும் உண்டு.

சாலை பழுதடைந்தால் ஒப்பந்ததாரரும் மழையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது வழக்கம். பல நேரங்களில் அந்தக் குற்றச்சாட்டில் நியாயமும் உண்டு. ஆனால் துறைமுகங்களையும் மொத்தச் சந்தைகளையும் ஒட்டிய சாலைகளில் மூன்றாவதாக ஒரு காரணமும் இருக்கிறது. அது லாரியின் அச்சில் ஏற்றப்படும் மிகைச் சுமை. கேரளத்தின் கொச்சியில், குறிப்பாக மட்டாஞ்சேரியையும் வில்லிங்டன் தீவையும் சுற்றியுள்ள சாலைகளில், இந்த மூன்று காரணங்களும் ஒன்றுகூடுகின்றன.

படகிலிருந்து லாரிக்கு

மட்டாஞ்சேரி நூற்றாண்டுகளாக மிளகு, ஏலம், இஞ்சி வணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். அரிசி, பருப்பு மொத்த வணிகத்துக்கும் இதுவே மையமாக விளங்கியது. இங்குள்ள பஜார் சாலையின் பழைய கிடங்குகளைக் கூர்ந்து பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். அவற்றின் முன்வாசல் சாலையைப் பார்த்திருக்க, பின்வாசல் காயலைப் பார்த்து அமைந்துள்ளது. சரக்கு வந்ததும் போனதும் பெரும்பாலும் பின்வாசல் வழியே. கெட்டுவள்ளங்கள் எனப்படும் பெரிய படகுகள் கிடங்கின் படித்துறை வரை வந்து மூட்டைகளை இறக்கின. குறுகலான அந்தத் தெருவுக்குக் கனரக வாகனங்களைத் தாங்கும் தேவை அப்போது இருக்கவில்லை.

1920இல் கொச்சிக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக முகத்துவாரத்தை ஆழப்படுத்தியபோது தோண்டியெடுத்த மண்ணைக் கொண்டு காயலின் நடுவே வில்லிங்டன் தீவை உருவாக்கினார். தீவின் மேற்குக் கரையில் மட்டாஞ்சேரியை நோக்கி அமைந்த கப்பல் துறை இன்றும் 'மட்டாஞ்சேரி வார்ஃப்' என்றே அழைக்கப்படுகிறது. தீவையும் நிலப்பரப்பையும் பாலங்கள் இணைத்தன. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட பழைய துறைமுகப் பாலத்துக்குத் துணையாக, தனியார் முதலீட்டில் கட்டி, இயக்கி, அரசிடம் ஒப்படைக்கும் முறையில் கட்டப்பட்ட புதிய மட்டாஞ்சேரிப் பாலம் 2001இல் திறக்கப்பட்டது. உள்ளூர் மக்கள் இதனைப் 'பி.ஓ.டி. பாலம்' என்கின்றனர். இங்கு சுங்கக் கட்டண வசூல் 2014 வரை நடைபெற்றது.

வில்லிங்டன் தீவில் இயங்கிவந்த கன்டெய்னர் முனையத்தின் பணிகள், 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் சர்வதேச முனையம் தொடங்கப்பட்ட பின் அங்கு மாறின. அதற்கென களமசேரியிலிருந்து வல்லார்பாடத்துக்குச் சுமார் 17 கிலோ மீட்டர் நீளத்துக்குத் தனி நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. வில்லிங்டன் தீவைக் குண்டன்னூரில் பிரதான நெடுஞ்சாலையுடன் இணைக்கும் மற்றொரு தேசிய நெடுஞ்சாலையின் நீளம் ஏறத்தாழ 6 கிலோ மீட்டர் மட்டுமே. நாட்டின் மிகக் குறுகிய தேசிய நெடுஞ்சாலைகளுள் இதுவும் ஒன்று. ஒரு பெருந்துறைமுகத்தின் சரக்கைச் சுமக்க இத்தகைய சில சாலைகளே உள்ளன என்பது கவனிக்கத்தக்கது.

தமிழகத்துக்கும் இதில் தொடர்பு உண்டு. சேலத்திலிருந்து கோவை, வாளையாறு வழியாகக் கொச்சி செல்லும் நெடுஞ்சாலையே இந்தத் துறைமுகத்தின் பின்னிலத்துக்கான முதன்மைத் தரைவழி. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களைச் சேர்ந்த லாரிகள் பல பத்தாண்டுகளாக இவ்வழியே ஓடுகின்றன.

எடை இரட்டித்தால் சேதம் பதினாறு மடங்கு

லாரியின் மொத்த எடையைக் காட்டிலும், அந்த எடை எத்தனை அச்சுகளுக்குப் பகிரப்படுகிறது என்பதே சாலைக்கு முக்கியம். இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் தண்டே அச்சு. ஓர் அச்சின் வழியாகச் சாலையில் இறங்கும் எடையை அச்சுச் சுமை என்கின்றனர்.

இதைப் பற்றிய அடிப்படை ஆய்வு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் உள்ள ஒட்டாவா நகரருகே 1958 முதல் 1960 வரை நடைபெற்றது. பல்வேறு தடிமன்களில் சாலைத் துண்டுகள் அமைக்கப்பட்டு, குறிப்பிட்ட எடை ஏற்றிய லாரிகளை ராணுவ ஓட்டுநர்கள் அவற்றின் மீது இடைவிடாது ஓட்டினர். ஒவ்வொரு தடத்திலும் 11 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை அச்சுகள் கடந்தன. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 2.7 கோடி டாலர் செலவில் நடந்த அந்த ஆய்விலிருந்து பிறந்ததே 'நான்காம் படி விதி'.

அச்சுச் சுமை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரு மடங்கு ஆவதில்லை. இரண்டை நான்கு முறை பெருக்கினால் வரும் பதினாறு மடங்காகிறது என்பதே இந்த விதி. எல்லாச் சாலைகளுக்கும் இது துல்லியமாகப் பொருந்துவதில்லை. மண்ணின் தன்மை, தார்ப் படலத்தின் தடிமன் ஆகியவற்றைப் பொருத்து இந்தப் படி சற்று ஏறலாம், இறங்கலாம். ஆயினும் உலகின் பல நாடுகளில் சாலை வடிவமைப்பு இன்றும் இதைச் சார்ந்தே உள்ளது.

தில்லியைத் தலைமையிடமாகக் கொண்டு 1934 முதல் இயங்கிவரும் இந்திய சாலைக் காங்கிரஸ் வகுத்துள்ள வடிவமைப்பு வழிகாட்டியிலும் இக்கருத்தே அடித்தளம். இரு பக்கமும் இரட்டைச் சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சில் 8.16 டன் எடை என்பது 'நிலை அச்சு' எனக் கொள்ளப்படுகிறது. பிற எடைகள் யாவும் இதனுடன் ஒப்பிட்டு நான்காம் படியில் கணக்கிடப்படுகின்றன.

இந்தக் கணக்கைச் சில எடுத்துக்காட்டுகளில் பொருத்திப் பார்க்கலாம். காரின் ஓர் அச்சு சாலையில் இறக்கும் எடை சுமார் 600 கிலோ. 2018 வரை லாரியின் பின்புற ஒற்றை அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 10.2 டன். இது காரின் அச்சைப் போல் 17 மடங்கு. சேதமோ 83 ஆயிரம் மடங்குக்கும் அதிகம். ஆகவே, கார்கள் எத்தனை ஓடினாலும் அவற்றால் தடப் பள்ளம் ஏற்படுவதில்லை என்றே கூறலாம்.

அடுத்து, 10.2 டன் அனுமதியுள்ள அச்சில் 15 டன் ஏற்றப்படுவதாகக் கொள்வோம். எடை ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது. ஆனால் சேதம் 4.7 மடங்காகிறது. அனைத்து லாரிகளும் இவ்வாறே ஓடினால், அனுமதிக்கப்பட்ட எடைக்காகப் பத்தாண்டு ஆயுளுடன் அமைக்கப்பட்ட சாலை, இரண்டாண்டுகளைச் சற்றே தாண்டியதும் அந்த ஆயுளை இழந்துவிடும்.

முப்பது டன் அரிசியை இரு அச்சு லாரிகளில் கொண்டு செல்வதாக வைத்துக்கொண்டால், விதிப்படி பத்து பத்து டன்னாக மூன்று நடை தேவைப்படும். மிகைச் சுமையுடன் பதினைந்து டன்னாக ஏற்றினால் இரண்டு நடையில் முடிந்துவிடும். ஒரு நடைக்கான டீசலும் ஓட்டுநர் கூலியும் மிச்சம். ஆனால் பின் அச்சை மட்டும் கணக்கிட்டாலே, அந்த இரு நடைகள் சாலைக்கு விளைவிக்கும் சேதம், மூன்று நடைகளால் ஏற்படும் சேதத்தைப் போல் மூன்று மடங்கு. மிச்சம் லாரியை அமர்த்துபவருக்கு. செலவு அச்சாலையில் செல்லும் அனைவருக்கும்.

பள்ளம் எங்கே பிறக்கிறது?

தடப் பள்ளம் இரு இடங்களில் பிறக்கக்கூடும். முதலாவது, தார்ப் படலத்திலேயே. தார் திடப்பொருள் போலத் தோன்றினாலும் வெப்பம் கூடக் கூடக் கூழாகும் இயல்புடையது. கோடை வெயிலில் சாலைப் பரப்பின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தொடக்கூடும். 2006இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தாரை அதன் பாகுத்தன்மையைக் கொண்டு தரம் பிரிக்கத் தொடங்கியபோது, சோதனைக்கு இதே 60 டிகிரியைத் தேர்ந்தெடுத்தது.

இளகிய தாரின் மீது, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 முதல் 8 கிலோ வரை காற்றழுத்தம் உள்ள லாரி டயர் நிற்கும்போது, தாரும் ஜல்லியும் சேர்ந்த கலவை இரு புறமும் பிதுங்குகிறது. சக்கரத் தடம் பள்ளமாகவும், அதன் ஓரங்கள் மேடாகவும் மாறுகின்றன. லாரி வேகமாகக் கடந்தால் அழுத்தம் நொடிப் பொழுதே நீடிக்கும். மெதுவாக ஊர்ந்தாலோ, நின்றாலோ அழுத்தம் நீள்கிறது. துறைமுக வாயில், சுங்கச் சாவடி, சிக்னல், எடை மேடை ஆகியவற்றின் முன் பள்ளம் ஆழமாவதற்கு இதுவே காரணம்.

இரண்டாவது, சாலையின் அடியில் உள்ள மண்ணில். மேலிருந்து வரும் அழுத்தம் தார், ஜல்லி, கிராவல் அடுக்குகள் வழியாகப் பரவி அடிமண்ணை அடைகிறது. மண் வலுவற்றதாக இருந்தால் ஒவ்வொரு லாரிக்கும் அது இம்மியளவு அமிழ்கிறது, மீண்டும் எழுவதில்லை. லட்சக்கணக்கான இம்மிகள் சேர்ந்து பள்ளமாகின்றன. சராசரிப் பள்ளம் 20 மில்லி மீட்டரை எட்டிவிட்டால் அச்சாலை தன் ஆயுளை முடித்துக்கொண்டதாகவே இந்திய வழிகாட்டி கருதுகிறது. அடிமண்ணின் அமிழ்வைக் கணிக்க அது பயன்படுத்தும் சூத்திரத்தில் வரும் படி, நான்கையும் தாண்டி 4.5க்கு மேல் உள்ளது.

கொச்சியின் பாதகமான நிலை இங்குதான் வெளிப்படுகிறது. நகரின் கீழ் பல மீட்டர் ஆழத்துக்கு மென்மையான கடல் களிமண் படிந்துள்ளது. நிலமட்டம் கடல்மட்டத்தை விட அதிகம் உயர்ந்ததன்று. சிறிதளவு தோண்டினாலே நீர் ஊறும். ஆண்டுக்குச் சுமார் 3 ஆயிரம் மில்லி மீட்டர் மழை பெய்கிறது. நீரில் ஊறிய களிமண்ணின் தாங்கு திறன் மிகவும் குறைவு. வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி தூர்வாரிய மண்ணால் ஆனது என்பதையும் இத்துடன் சேர்த்துக் காண வேண்டும். சேலம் மாவட்டத்தின் கெட்டித் தரையில் ஒரு லாரி ஏற்படுத்தாத சேதத்தை, அதே லாரி அதே எடையுடன் இங்கு ஏற்படுத்திவிடும்.

எந்த அடுக்கு பழுதடைந்தது என்பதைக் கண்டறிவது கடினமன்று. பள்ளம் அகலமாகவும் ஆழமின்றியும் கிண்ணம் போல் இருந்தால் அடிமண் அமிழ்ந்துள்ளது எனப் பொருள். பள்ளம் குறுகலாகவும் ஓரங்கள் புடைத்தும் இருந்தால் குறை தார்க் கலவையில். ஐயம் இருப்பின் சாலையின் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அடுக்குகளே விடையளித்துவிடும். பாலத்தின் மேல்தளத்தில் மண் இல்லை. அங்கு தோன்றும் பள்ளத்துக்குக் கலவையே பொறுப்பு. அடிமண் அமிழ்ந்த சாலையில் மேலே மட்டும் புதிய தாரைப் பூசினால் அடுத்த மழைக்குள் பழைய பள்ளம் திரும்பிவிடுகிறது. காரணத்தை ஆராயாமல் செலவிடப்படும் பராமரிப்பு நிதியால் பயன் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றுவது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆவது பிரிவின்படி குற்றம். ஐயத்துக்குரிய வாகனத்தை எடை போடவும், மிகைச் சுமையை இறக்க வைக்கவும் 114ஆவது பிரிவு அதிகாரம் அளிக்கிறது.

ஆயினும் சில மாநில அரசுகள் குறிப்பிட்ட தொகையைப் பெற்றுக்கொண்டு, மிகைச் சுமையுடனேயே லாரிகளைத் தொடர்ந்து செல்ல அனுமதித்து வந்தன. பரம்ஜித் பாசின் என்பவர் தொடர்ந்த வழக்கில் 2005 நவம்பரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இந்த நடைமுறை சட்டத்துக்குப் புறம்பானது எனத் தெளிவுபடுத்தியது. அபராதம் செலுத்திவிட்டதால் மட்டும் மிகைச் சுமையுடன் பயணத்தைத் தொடரும் உரிமை வந்துவிடாது. அதிக எடையை இறக்கிய பின்னரே வாகனம் நகர வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம் அபராதத்தைக் கடுமையாக்கியது. அதுவரை ரூ. 2 ஆயிரமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ. ஆயிரமும் என இருந்த அபராதம், முறையே ரூ. 20 ஆயிரமாகவும், ரூ. 2 ஆயிரமாகவும் உயர்த்தப்பட்டது. லாரியை ஓட்டுபவர் மட்டுமன்றி, அவ்வாறு ஓட்டச் செய்பவரும் அனுமதிப்பவரும் தண்டனைக்குரியவர்கள் என்பது சட்டத்தின் வாசகம்.

இதற்கு ஓராண்டுக்கு முன்னதாக, 2018இல், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அனுமதிக்கப்பட்ட அச்சுச் சுமையையே உயர்த்தியது. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன் ஆனது. லாரிகளின் சரக்கு ஏற்றும் திறன் 20 முதல் 25 சதவீதம் வரை கூடும், போக்குவரத்துச் செலவு குறையும் என அப்போது அரசு கூறியது. அது உண்மையே. அதே வேளையில், ஓர் அச்சில் 13 சதவீத எடை உயர்வு என்பது நான்காம் படிக் கணக்கில் 62 சதவீதம் கூடுதல் சேதம் எனப் பொருள்படும். பழைய வரம்புக்கு ஏற்ப அமைக்கப்பட்ட சாலைகளே அந்தக் கூடுதல் சேதத்தையும் தாங்க வேண்டியிருக்கிறது.

இதில் மற்றொரு முரண்பாடும் உண்டு. சாலையை வடிவமைக்கும் முன், அவ்வழியே ஓடும் லாரிகளின் உண்மையான அச்சுச் சுமையை எடை போட்டுப் பார்க்க வேண்டும் என வழிகாட்டி கூறுகிறது. மிகைச் சுமை பரவலாக உள்ள இடத்தில் அந்த மிகைச் சுமையும் கணக்கில் சேர்கிறது; சாலையின் தடிமன் கூட்டப்படுகிறது. சட்டம் தடை செய்துள்ள எடைக்கு அரசு நிதியிலேயே இடம் ஒதுக்கப்படுகிறது.

லாரி உரிமையாளரின் நிலை

மிகைச் சுமைக்கு லாரி உரிமையாளரை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. ஓரிரு லாரிகளை மட்டும் வைத்திருக்கும் சிறு உரிமையாளர்கள் இத்தொழிலில் ஏராளம். வாடகை பெரும்பாலும் டன் கணக்கில் பேசப்படுகிறது. டீசல், சுங்கக் கட்டணம், காப்பீடு, கடன் தவணை ஆகியவை எடையைப் பொருத்துக் குறைவதில்லை. விதிப்படிதான் ஏற்றுவேன் எனக் கூறும் உரிமையாளரை விட்டுவிட்டு, கூடுதலாக ஏற்றச் சம்மதிக்கும் அடுத்த லாரிக்குச் சரக்கு சென்றுவிடுகிறது. பிரேக் பிடிக்காமல் போவது, டயர் வெடிப்பது, அச்சு முறிவது என ஆபத்தை நேரில் எதிர்கொள்பவரும் ஓட்டுநரே. நெடுஞ்சாலையில் பிடிபட்டால் முதலில் விசாரிக்கப்படுபவரும் அவரே. சரக்கை ஏற்றி அனுப்பியவர் அந்த இடத்தில் இருப்பதில்லை.

ஆனால் எடை எவருக்கும் தெரியாத ரகசியமன்று. மட்டாஞ்சேரிக் கிடங்கிலோ, ஆந்திர அரிசி ஆலையிலோ எடை போடாமல் எந்த மூட்டையும் விற்கப்படுவதில்லை. 2018 ஏப்ரல் முதல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் சரக்குக்குக் கட்டாயமாக்கப்பட்ட மின்வழி ரசீதில் சரக்கின் அளவும் லாரியின் எண்ணும் பதிவாகின்றன. அந்த லாரியின் அனுமதிக்கப்பட்ட எடை பதிவுச் சான்றிதழில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டாலே, சரக்கை இறக்கிய பின் வெளியேற வேண்டிய லாரி எது என்பது அது புறப்படும் முன்பே தெரிந்துவிடும்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்பு களத்தில் தடுமாறுவதும் இங்குதான். சாலையில் பிடிக்கப்பட்ட லாரியிலிருந்து ஐந்து டன் சரக்கை இறக்க இடம் வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளர் வேண்டும். இறக்கிய சரக்குக்குப் பாதுகாப்பு வேண்டும். எடுத்துச் செல்ல மாற்று வாகனம் வேண்டும். வெங்காயமும் மீனும் காத்திருக்கா. இவற்றில் எதுவும் இல்லாத சாலையோரத்தில், அபராதம் எழுதி அனுப்பிவிடுவதே அதிகாரிக்கு எளிதாகிறது. சரக்கு ஏற்றப்படும் ஆலை, கிடங்கு, துறைமுக வாயில் ஆகிய இடங்களில் தடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழாது.

சுமையைப் பகிரும் வழிகள்

சரக்கைக் குறைக்காமலேயே சேதத்தைக் குறைக்க இயலும். அதற்கான முதல் வழி அச்சுகளைக் கூட்டுவது. அடுத்தடுத்து அமைந்த இரட்டை அச்சுகளின் மீது 19 டன் ஏற்றினாலும் அதனால் விளையும் சேதம், ஒற்றை அச்சில் 10.2 டன் ஏற்றுவதால் விளையும் சேதத்துக்கு ஏறத்தாழ சமம் என்பது இந்திய வழிகாட்டியின் கணக்கிலிருந்து தெரிகிறது. எடை கிட்டத்தட்ட இரு மடங்கு, சேதம் ஒன்றே.

இரண்டாவது, தார்க் கலவையை மேம்படுத்துவது. கனரகப் போக்குவரத்து மிகுந்த சாலைகளுக்குப் பாகுத்தன்மை மிக்க வி.ஜி. 40 வகைத் தார் பரிந்துரைக்கப்படுகிறது. பெரிய ஜல்லிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அமைக்கப்படும் 'ஸ்டோன் மாஸ்டிக் அஸ்பால்ட்' கலவை 1960களில் ஜெர்மனியில் உருவானது. சுமையைத் தாரிடம் விடாமல் ஜல்லியே ஏற்பதால் இது எளிதில் பிதுங்காது. வில்லிங்டன் தீவுக்குச் செல்லும் வழியில் உள்ள தேவரா - குண்டன்னூர் பாலம் 2024 அக்டோபரில் போக்குவரத்துக்கு மூடப்பட்டு, இந்த முறையில் மேற்பரப்பு புதுப்பிக்கும் பணி மேற்கொள்ளப்பட்டது. லாரிகள் நின்று புறப்படும் இடங்களில் கான்கிரீட் தளமோ, பூட்டுக் கற்களோ அமைப்பதும் பயன் தரும். எனினும் வலுவான மேற்பரப்பால் களிமண் வலுப்பெற்றுவிடாது. வடிகால் சீராக இல்லாத சாலையில் எந்தக் கலவையும் நீடிக்காது.

மூன்றாவது வழி, கொச்சிக்கு வாய்த்த நீர்வழி. கொல்லம் - கோட்டப்புரம் இடையிலான மேற்குக் கடற்கரைக் கால்வாய், சம்பக்கரை, உத்யோகமண்டல் கால்வாய்களுடன் சேர்த்து 1993இல் மூன்றாவது தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. உர ஆலைக்கான மூலப்பொருள்கள் இக்கால்வாய்களில் படகுகளில் சென்றுள்ளன. போல்காட்டிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் இடையே லாரிகளை அப்படியே ஏற்றிச் செல்லும் இரு ரோ-ரோ கப்பல்கள் 2021 பிப்ரவரி 14இல் பிரதமர் நரேந்திர மோடியால் தொடங்கிவைக்கப்பட்டன. சாலை வழியே 30 கிலோ மீட்டராக உள்ள தொலைவு, நீர்வழியில் 3.5 கிலோ மீட்டராகக் குறையும் என அரசு அப்போது தெரிவித்தது. லாரி கப்பலில் செல்லும் ஒவ்வொரு கிலோ மீட்டரிலும் சாலைக்கு ஓய்வு. வல்லார்பாடம் முனையத்துக்கு 4.62 கிலோ மீட்டர் நீளமுள்ள வேம்பநாடு ரயில் பாலத்தின் வழியே சரக்கு ரயில் பாதையும் உள்ளது.

2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோ, கொச்சி மக்களின் பயணத்தை மீண்டும் காயலுக்குத் திருப்பியிருக்கிறது. மட்டாஞ்சேரியின் சரக்கு இன்னமும் பெரும்பாலும் முன்வாசல் வழியாகவே வந்து செல்கிறது. அந்தச் சாலையைப் புதுப்பிக்க ஒவ்வொரு மழைக்குப் பின்னும் நிதி கோரப்படும்போது, ஒப்பந்ததாரரின் பெயருடன் அவ்வழியே சென்ற லாரிகளின் எடைப் பதிவையும் கேட்பது பொருத்தமாக இருக்கும். கப்பலுக்கு எடைச் சான்று கேட்கும் துறைமுகத்துக்கு, லாரிக்கும் அதே சான்றைக் கேட்பது புதிய வேலையன்று.